தோடர்களின் வழக்கங்களும் விலக்குகளும்

தோடர் அல்லது தொதவர் எனப்படுவோர், தமிழ்நாட்டின் நீலகிரி மலையின் மேட்டுநிலத்தில் எருமை வளர்த்து வாழ்ந்துவரும் பழங்குடியினர் ஆவர். 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 800 ஆக இருந்தது. 2011இல் ஏறத்தாழ 2,000 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக இந்திய அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு குழுக்களில் தோடரும் ஒருவர். எண்ணிக்கையில் இவ்வளவு சிறிய இக்குழுவைப் பற்றி உலக மானிடவியலாளர்கள் எழுதியவை மிகப் பல. அதற்கு முதன்மையான காரணம், இவர்களது வாழ்வை நெறிப்படுத்தும் விரிவான விலக்குகளே ஆகும்.

இவ்விலக்குகளை முதலில் படிப்போருக்கு அவை தொடர்பற்ற தடைகளின் குவியலாகத் தோன்றக்கூடும். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்துள்ளன. அப்பொருள் எருமைப்பால். ஓர் ஆள், ஒரு பாத்திரம், ஒரு பாதை, ஒரு நாள் என எதுவானாலும், அது பாலிலிருந்து எவ்வளவு நெருக்கத்தில் அல்லது தொலைவில் இருக்கலாம் என்பதைப் பொறுத்தே அதன் தகுதி முடிவாகிறது.

பெயரும் பின்புலமும்

தோடர் தங்களை 'ஓள்' என்றே குறிப்பிடுகின்றனர். 'ஆள்' என்ற தமிழ்ச்சொல்லுடன் உறவுடைய இச்சொல்லுக்கு மனிதர் என்பதே பொருள். தோட மொழி தென்திராவிட மொழிகளுள் ஒன்று. அண்டை இனத்தவரான கோத்தரின் மொழிக்கு நெருக்கமானது. எனினும் தமிழர் ஒருவர் இம்மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ள இயலாது. உரசொலிகள் மிகுந்த அதன் ஒலியமைப்பே இதற்குக் காரணம். 19ஆம் நூற்றாண்டில் இவர்களைக் கண்ட ஐரோப்பியர் சிலர், இவர்களை உரோமர் என்றும் இசுரவேலின் தொலைந்துபோன குலத்தார் என்றும் எழுதி வைத்தனர். அவற்றுக்கு எவ்வகைச் சான்றும் இல்லை.

தோடர் குடியிருப்பு 'மந்து' எனப்படும். ஒரு மந்தில் சில வீடுகள், ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட பால்மனைகள், வட்டமான எருமைத் தொழுவம் ஆகியவை இருக்கும். பழைய முறை வீடு, மூங்கிலும் பிரம்பும் வளைத்துப் புல் வேய்ந்த, வண்டிக் கூண்டு போன்ற கூரையை உடையது. குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாயில் மட்டுமே அதற்கு உண்டு.

இம்மலையைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியக் குறிப்பு 1603ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கள்ளிக்கோட்டைப் பகுதியிலிருந்து மலையேறி வந்த யாக்கோமோ பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு தோடரைச் சந்தித்து, எருமைகளைக் காக்கும் பூசகரைப் பற்றியும் உடன்பிறந்தார் ஒரே மனைவியைக் கொண்டிருந்ததைப் பற்றியும் எழுதினார். அதன் பின் இரண்டு நூற்றாண்டுகள் வெளியார் வருகை மிகக் குறைவு. நீலகிரி அக்காலத்தில் இன்றைய கோவை, திருப்பூர் பகுதிகளுடன் ஒரே கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதும், பின்னர் உதகமண்டலத்தில் வீடு கட்டியதும் நிலைமையை மாற்றின. உதகமண்டலம் என்ற பெயரிலேயே ஒரு மந்தின் பெயர் மறைந்துள்ளது.

பாலும் பால்மனையும்

தோடர் எருமைகள் இரு வகைப்படும். வீட்டுத் தேவைக்கான சாதாரண எருமைகளை எவரும் வளர்க்கலாம். அவற்றின் பாலுக்குக் கடுமையான விலக்குகள் இல்லை. புனித எருமைகளோ குலத்துக்கு உரியவை. அவற்றின் பால், அதற்கெனக் கட்டப்பட்ட பால்மனையில், அதற்கென அமர்த்தப்பட்ட ஆணின் கையாலேயே கறந்து கடையப்பட வேண்டும். பால்மனையை வெளியார் கோயில் என்றே அழைக்கின்றனர். அங்கு சிலை எதுவும் இல்லை. உள்ளே இருப்பவை பால் பாத்திரங்கள், மத்து, விளக்கு, பழைய மணிகள் ஆகியவையே. இம்மணிகள் தோட மொழியிலும் 'மணி' என்றே வழங்குகின்றன. சில பால்மனைகளில் பூசகர் பாலையோ தயிரையோ மணிக்குப் படைப்பார்.

பெரும்பாலான பால்மனைகள் வீட்டைப் போன்ற வளைந்த கூரை உடையவை. உதகமண்டலத்தை அடுத்த முத்தநாடு மந்தில் உள்ளது போன்ற உயர்ந்த கூம்பு வடிவக் கூரை மிக அரிது. சுற்றிலும் கல்மதில் இருக்கும். உட்புறம் இரு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உள்ளறையில் புனித எருமையின் பாலைத் தொடும் பாத்திரங்கள் மட்டுமே வைக்கப்படும். வெளியறையில் பூசகர் உண்பார், உறங்குவார். வெளியாருக்குக் கொடுக்கப்படும் மோருக்கான பாத்திரங்களும் அங்கேதான் இருக்கும். உள்ளறைப் பாத்திரம் வெளியறைப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. ஆனால் மோர் எவ்வாறேனும் வெளியே வந்தாக வேண்டும். இதற்காக இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பாத்திரம் உண்டு. உள்ளறை மோர் முதலில் இடைப் பாத்திரத்தில் ஊற்றப்பட்டு, அதிலிருந்து வெளிப் பாத்திரத்துக்கு மாற்றப்படும்.

தோடரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். புனித எருமையின் பால் மனிதர் பயன்படுத்தத் தகாத அளவுக்குத் தூய்மையானது. அதனைப் படிப்படியாகத் தூய்மை இறக்கி, ஆபத்து இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவருவதே பால்மனைச் சடங்குகளின் நோக்கம் என்பது அவரது கருத்து. தமிழ்நாட்டுச் சமவெளியில் தீட்டு என்றால் தாழ்ந்தது உயர்ந்ததைத் தொடுவதால் வரும் குறை என்று புரிந்துகொள்ளப்படுகிறது. தோடரிடமும் அக்கருத்து உண்டு. ஆனால் உயர்ந்த பொருளைத் தகுதியின்றி உண்பவருக்கு வரும் ஆபத்தே இங்கு முதன்மை பெறுகிறது.

பால் உறைய முந்தைய நாள் மோர் ஊற்றுவது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். தோடரிடம் இந்த உறைமோருக்கு 'பெப்' என்று பெயர். பால்மனையின் தூய்மை இந்த உறைமோர்த் தொடர்ச்சியிலேயே தங்கியிருப்பதாகக் கருதப்படுகிறது. ஏதேனும் ஒரு காரணத்தால் பால்மனை தீட்டுப்பட்டால், இருக்கும் பெப் பயனற்றதாகிவிடும். அப்போது சடங்கு செய்து புதிய பெப் உண்டாக்க வேண்டும். அல்லது தூய்மை கெடாத மற்றொரு பால்மனையிலிருந்து பெற வேண்டும். சடங்குக்கான நெருப்பும் மரக்கட்டைகளைத் தேய்த்தே மூட்டப்பட வேண்டும் என்பது பழைய விதி.

பால்மனைப் பூசகரின் வேண்டுதலில் எருமைகளுக்கும் மந்துகளுக்கும் மலைகளுக்கும் உரிய சிறப்புப் பெயர்கள் சொல்லப்படும். இவை அன்றாடப் பேச்சில் வழங்குபவை அல்ல. வேண்டுதலும் பிறர் கேட்டறிய இயலாதவாறு தொண்டைக்குள் முணுமுணுக்கப்படும்.

பலோல்

பால்மனைகளுள் பல தரங்கள் இருந்தன. அவற்றுள் மிக உயர்ந்தது 'தி' எனப்பட்டது. அது மந்திலிருந்து விலகித் தனியிடத்தில் இருந்தது. அதன் பூசகர் 'பலோல்', அதாவது பால் ஆள். பூசகர் பதவியின் தரம் உயர உயர விலக்குகளும் கூடின. பலோலுக்கு விதிக்கப்பட்டவை உலகப் புகழ் பெற்றவை. ஜேம்ஸ் பிரேசர் தமது 'பொற்கிளை' என்னும் நூலில் இவற்றை எடுத்துக்காட்டியுள்ளார்.

பதவியில் இருக்கும்வரை பலோல் தன் வீட்டுக்கோ வேறு மந்துக்கோ செல்லக்கூடாது. மணமானவரானால் மனைவியை விட்டுப் பிரிய வேண்டும். முடியும் நகமும் வெட்டக்கூடாது. சாதாரண மனிதர் எவரும் அவரையோ அவரது பால்மனையையோ தொட்டால் அவர் பதவியை இழப்பார். திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் மட்டுமே மற்றவர் அவரை அணுகலாம். ஏனைய நாள்களில் செய்தி சொல்ல வேண்டுமாயின் தொலைவில் நின்று உரக்கக் கூவ வேண்டும். ஆற்றைப் பாலத்தின் மீது கடக்கக்கூடாது. குறிப்பிட்ட துறைகளில் நீரில் இறங்கியே கடக்க வேண்டும். குலத்தில் சாவு நேர்ந்தால், பதவியைத் துறந்த பின்னரே இழவுச் சடங்கில் கலந்துகொள்ள முடியும்.

தோடர் சமூகம் தார்த்தார், தெய்வலி என்னும் இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது. இவற்றுக்கிடையே மணவுறவு இல்லை. தி எருமைகள் தார்த்தார் பிரிவின் உடைமை. ஆனால் பலோலாகப் பணியாற்றியவர்கள் தெய்வலி பிரிவினர். ஆகவே மிகப் புனிதமான மந்தையை உடையவர், அதன் பாலைத் தாமே கறக்க இயலாதவராக இருந்தனர். உடைமை ஒரு பிரிவிடமும் பூசை உரிமை மறு பிரிவிடமும் இருந்தது, இரண்டையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கச் செய்தது எனலாம்.

தி பால்மனைகளும் பலோல் பதவியும் இப்போது இல்லை. கீழ்த்தரப் பால்மனைகளே எஞ்சியுள்ளன.

பெண்களுக்குரிய விலக்குகள்

விலக்குகளின் சுமையைப் பெருமளவு சுமந்தவர்கள் பெண்களே. பெண்கள் பால்மனைக்குள் நுழையக்கூடாது. அதன் அருகிலும் செல்லக்கூடாது. புனித எருமைகளைக் கறப்பதும் பால் கடைவதும் அவர்களுக்கு விலக்கப்பட்டவை. பழைய வழக்கப்படி, பால் சேர்ந்த உணவைச் சமைப்பதுகூட ஆண்களின் வேலையாகவே இருந்தது. பால்மனையிலிருந்து மோர் பெற, குறிப்பிட்ட நேரத்தில், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பாதையில் சென்று, குறிப்பிட்ட இடத்தில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள்ளும் ஓர் எல்லை உண்டு. தானியம் குத்தும் குழி அவ்வெல்லையைக் குறித்தது. பால் கடையும் பகுதிக்குப் பெண்கள் செல்வதில்லை. கோடையில் மேய்ச்சல் தேடிப் புனித எருமைகள் ஒரு மந்திலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டிச் செல்லப்படும்போது, அவை செல்லும் வழியிலும் பெண்கள் இருக்கக்கூடாது.

வணக்க முறையிலும் இவ்வேற்றுமை தெரிந்தது. மூத்த ஆண் உறவினர் முன் பெண் குனிய, அவர் தம் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தி அவளது தலையில் வைப்பார். வெளியார் இதனை இழிவாகவே விவரித்தனர். தோடரோ இதனை மூத்தோர் வழங்கும் வாழ்த்தாகக் கருதுகின்றனர். இன்றும் இளையோர் குனிந்து மூத்தோரின் பாதத்தை நெற்றியில் ஏற்பது இவ்வினத்தவரின் வழக்கமாக உள்ளது. பெண்ணுக்கு மறுக்கப்பட்ட இடங்களின் பட்டியலை வாழ்த்து என்று மட்டும் கூறிக் கடந்துவிட முடியாது என்பதும் உண்மையே.

பாலிலிருந்து விலக்கப்பட்ட பெண்களின் கைகளில் வளர்ந்தது பூத்தையல் கலை ஆகும். ஆணும் பெண்ணும் போர்த்தும் 'பூத்துக்குளி' என்ற தடித்த வெள்ளைப் பருத்திப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கின்றனர். முன்வரைவு எதுவும் இன்றித் தைக்கப்படும் இவ்வேலைப்பாடு இருபுறமும் பயன்படுத்தத் தக்கதாக இருக்கும். தோடர் நெசவு செய்வதில்லை. துணி வெளியிலிருந்தே பெறப்படுகிறது. 2013இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

விலக்கு நாள்கள்

ஒவ்வொரு மந்துக்கும் வாரத்தில் அதற்குரிய புனித நாள் உண்டு. அந்நாளில் பெண்கள் மந்தை விட்டு வெளியே செல்லவோ வெளியிலிருந்து வரவோ கூடாது. மந்திலிருந்து பணம் வெளியே போகக்கூடாது. பைக்காரா ஆறு போன்ற புனித ஆறுகளைக் கடப்பதற்கும் இத்தகைய நாள் விலக்குகள் இருந்தன. பைக்காராவைக் கடக்கும் ஆண், போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்துத் தோளைத் திறந்து கடக்க வேண்டும். இது மரியாதைக் குறி ஆகும்.

இவ்விதிகள் எவ்வளவு கடுமையானவையோ, அவ்வளவு நுட்பமானவை அவற்றைக் கடக்கும் வழிகள். விலக்கு நாளில் வெளியே செல்ல வேண்டிய பெண், விடியுமுன் மந்தை விட்டு வெளியேறி, விடிந்த பின் திரும்பி வந்து தன் வேலைகளை முடித்துவிட்டு, பின்னர் செல்லலாம். நாள் தொடங்குமுன்பே அவள் வெளியேறிவிட்டதால் விதி மீறப்படவில்லை. பணம் தேவைப்படுமானால், முந்தைய நாளே அதனை மந்துக்கு வெளியே புதைத்தோ ஒளித்தோ வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துக்கொள்வர். இவற்றை ரிவர்ஸ் பதிவு செய்துள்ளார். விதியை மதிக்காத ஒருவர் இத்தனை முயற்சி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உணவு

தோடர் பொதுவாக இறைச்சி உண்பதில்லை. பாலும் மோரும் நெய்யும் அரிசியும் தானியங்களுமே இவர்களது உணவு. தானியம் முற்காலத்தில் படகரிடமிருந்து கிடைத்தது. விதிவிலக்காக, ஆண் எருமைக் கன்று ஒன்றைப் பலியிட்டு ஆண்கள் மட்டும் அதன் இறைச்சியை உண்ணும் சடங்கு ஒன்று இருந்ததை ரிவர்ஸ் குறிப்பிடுகிறார். இழவில் கொல்லப்படும் எருமையின் இறைச்சியைத் தோடர் தொடுவதில்லை. அது கோத்தருக்கு உரியதாக இருந்தது.

மகப்பேறும் வில்லளிப்பும்

முற்காலத்தில் கருவுற்ற பெண்ணும் பிள்ளை பெற்ற பெண்ணும் மந்துக்குப் புறத்தே ஒரு குடிலில் தனித்திருந்தனர். பிறந்த குழந்தையின் முகம் மூன்று மாதம் வரை மூடியே வைக்கப்பட்டது. முகந்திறக்கும் சடங்கில் ஆண் குழந்தையைத் தந்தை விடியற்காலையில் பால்மனை முன் கொண்டு சென்று, அதன் நெற்றியை நிலத்தில் படச் செய்து முகத்தைத் திறப்பார். பெண் குழந்தையைத் தாய் கொண்டு செல்வது, பெண்கள் மோர் வாங்கும் இடத்துக்கு. பால்மனை எவ்வளவு அருகில் என்பது முதல் முறை முகம் திறக்கும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

மணம் பெரும்பாலும் சிறு வயதிலேயே உறுதி செய்யப்பட்டது. தாய்மாமன் அல்லது அத்தை மக்கள் மண உறவுக்கு உரியவர். சிற்றப்பன், பெரியப்பன், சிற்றன்னை மக்கள் விலக்கப்பட்டவர். இது தமிழ் உறவுமுறையை ஒத்தது. ஆனால் தந்தைவழிக் குலத்துடன் தாய்வழிக் குலத்தையும் தோடர் கணக்கிடுகின்றனர். இரண்டிலும் உள்மணம் கூடாது. மொழியியலாளர் எம். பி. எமனோ 1930களில் இதனை வெளிப்படுத்தினார்.

உடன்பிறந்த ஆண்கள் ஒரே பெண்ணை மணப்பது முன்பு இயல்பான முறையாக இருந்தது. பெண்சிசுக் கொலையால் பெண்கள் குறைவாக இருந்ததுடன் இது இணைத்துப் பார்க்கப்படுகிறது. தலைமுறைகள் செல்லச் செல்ல ஆண், பெண் எண்ணிக்கை வேறுபாடு குறைந்துவந்ததை ரிவர்ஸ் தாம் திரட்டிய குடிவழிப் பட்டியல்களிலிருந்து காட்டினார். எருமைகளை ஈடாகக் கொடுத்து ஒருவரின் மனைவியை மற்றொருவர் பெறும் வழக்கமும் இருந்தது. இதில் எழும் பிணக்குகளை 'நாயிம்' எனப்படும் பெரியோர் அவை தீர்த்தது. கொங்கு வட்டாரப் பேச்சில் இன்றும் வழங்கும் 'நாயம்' என்ற சொல் இங்கு நினைவுக்கு வரும். பல கணவர் மணம் 20ஆம் நூற்றாண்டில் மறைந்துவிட்டது.

பல கணவர் உள்ள வீட்டில் குழந்தையின் தந்தை யார் என்பதைத் தீர்மானிக்க ஒரு சடங்கு ஏற்பட்டது. கருவுற்ற ஏழாம் மாத அளவில் மந்துக்கு அருகேயுள்ள சோலையில், நாவல் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் அடியில் மாடம் போலக் குடைந்து விளக்கேற்றுவர். குச்சியும் புல்லும் கொண்டு செய்த வில்லும் அம்பும் போன்ற ஒன்றைக் கணவர் பெண்ணிடம் கொடுப்பார். தோடர் வேட்டைக்கோ போருக்கோ வில்லைப் பயன்படுத்துவதில்லை. இச்சடங்கில் மட்டுமே வில் வருகிறது. வில் கொடுத்தவரே அக்குழந்தைக்கும், வேறொருவர் வில் கொடுக்கும்வரை பின்வரும் குழந்தைகளுக்கும் தந்தை ஆவார். அவர் இறந்துவிட்டாலும் இவ்வுரிமை தொடர்ந்தது. உயிரியல் வழித் தந்தை யார் என்ற கேள்வி இங்கு எழுவதில்லை. பல கணவர் மணம் மறைந்த பின்னரும் வில்லளிப்பு மறையவில்லை. இன்று அதுவே தோடரிடையே திருமணத்தை உறுதி செய்யும் பெரிய விழாவாக நடைபெறுகிறது.

பெயர் விலக்கு

இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது. உயிரோடிருக்கும் சில நெருங்கிய உறவினரின் பெயர்களைச் சொல்வதற்கும் தயக்கம் உண்டு. ரிவர்ஸின் ஆய்வு முறையோ ஒவ்வொரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களையும் தலைமுறை வாரியாகத் திரட்டுவதையே அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் தம் குடும்பத்தில் இறந்தோரின் பெயரைச் சொல்ல மறுக்கவே, மற்றக் குடும்பத்தாரிடம் கேட்டு அறிய வேண்டியதாயிற்று.

இறப்பு

தோடர் இழவு இரு கட்டங்களாக நடைபெற்றது. முதலாவது உடலை எரிப்பது. இரண்டாவது பல மாதங்கள் கழித்து நடப்பது. முதல் சடங்கில் எடுத்து வைத்த முடியும் மண்டையோட்டின் ஒரு துண்டும் அப்போது எரிக்கப்படும். இரண்டாம் சடங்கு பின்னாளில் அருகிவிட்டது.

பூத்துக்குளியில் போர்த்தப்பட்ட உடலின் அருகே எருமை கொண்டுவரப்படும். இளைஞர்கள் மந்தைக்குள் பாய்ந்து அதனைக் கொம்பைப் பற்றி அடக்குவர். கழுத்தில் மணி கட்டி, கோடரியின் பின்புறத்தால் அடித்துக் கொல்வர். இறந்தவர் ஆணாயின், அவரது வலக்கை எருமையின் கொம்பில் வைக்கப்படும். கோத்தர் இசை முழங்கும். செல்வர் இழவில் மந்தை மந்தையாக எருமைகள் கொல்லப்பட்ட காலம் இருந்தது. ஆங்கிலேய அரசு ஓர் இழவுக்கு இரண்டு எருமை என்று வரம்பு விதித்தது.

கொல்லப்பட்ட எருமை இறந்தவருடன் மேற்கே உள்ள அமுநோர் எனப்படும் மறுவுலகுக்குச் செல்கிறது என்பது நம்பிக்கை. அவ்வுலகை ஆள்பவர் 'ஓன்' என்னும் தெய்வம். அவரே குந்தா மலைமீது 1,600 எருமைகளை நிலத்திலிருந்து வெளிக்கொணர்ந்தார் என்றும், கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளிவந்தவனே முதல் தோடன் என்றும் தொன்மக் கதை கூறுகிறது. எருமைக்காகவே தோடன் படைக்கப்பட்டான் என்று இக்கதை சொல்வதாகக் கொள்ளலாம்.

விலக்கு மீறல்

விலக்கை மீறியவரை அடிப்பதோ ஊரை விட்டு நீக்குவதோ பொதுவான வழக்கம் அல்ல. வீட்டில் நோய், எருமை இறப்பு, பால் வற்றுதல் போன்ற துன்பம் நேரும்போது குறி சொல்பவரை நாடுவர். பால்மனைக்கு எதிராக என்ன பிழை நிகழ்ந்தது என்பதை அவர் தெய்வமேறிக் கூறுவார். பிழை செய்தவர் எருமைக் கன்று ஒன்றைத் தண்டமாகக் கொடுக்க வேண்டும். இக்கன்று வெளியே போவதில்லை. குலம் இதற்காகவே இரு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கூறினர் கொடுப்பதை மறு கூறினர் பெறுவர். எனவே தண்டத்தால் குலத்தின் எருமைச் செல்வம் குறைவதில்லை.

ரிவர்ஸின் ஆய்வும் அதன் விளைவும்

ரிவர்ஸ் மருத்துவம் பயின்றவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1898இல் தோரஸ் நீரிணைத் தீவுகளில் ஆய்வு செய்த பின், 1901-02இல் நீலகிரிக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். 'தோடர்' என்ற அவரது பெருநூல் 1906இல் வெளிவந்தது. அதில் அவரே ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார். அவருக்கு மறைவான சடங்குகளைக் காட்டியவரும் சொன்னவருமான சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. ஒருவர் நோயுற்றார், ஒருவர் மனைவியை இழந்தார், மற்றொருவரின் மந்தில் பால்மனை தீப்பிடித்தது. குறி சொல்பவர்கள், மறைபொருளை வெளியாருக்குச் சொன்னதே காரணம் என்றனர். அதன் பின் தகவல் தர முன்வந்தோர் குறைந்தனர். பலோலைப் பற்றி இன்று எந்த நூலில் படித்தாலும், அச்செய்திகளின் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே வந்தது.

எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடப் பாடல்களையும் மொழியையும் பதிவு செய்தார். அந்தோணி வாக்கர் 1960களில் தொடங்கி ஆய்வு செய்து, ரிவர்ஸின் பதிவுகள் பலவற்றைத் திருத்தினார்.

நிலமும் எருமையும்

பால்மனை வழக்கங்கள் குறைந்ததற்கு நம்பிக்கை தளர்ந்தது மட்டும் காரணம் அன்று. புனித எருமைக்குப் புல்வெளி வேண்டும். நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தேயிலைக்கும் நகருக்கும் மாறிவந்தன. பின்னர் சீகை மரமும் தைல மரமும் பெரும் பரப்பில் நடப்பட்டன. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1950களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி நீர்த்தேக்கங்கள் மேய்ச்சல் நிலங்களை மூழ்கடித்தன. பலோல் நீரில் இறங்கியே கடக்க வேண்டிய ஆறுகள்தாம் இவ்வாறு தேக்கப்பட்டன.

பால்மனை வேய்வதற்கு உரிய புல் வகையும் புல்வெளியோடு அருகிவருகிறது. வேறு புல்லையோ தகரத்தையோ வீட்டுக்குப் பயன்படுத்தலாம். பால்மனைக்கு அது பொருந்தாது. இன்று பெரும்பாலான தோடர் சிமெண்டு வீடுகளில் வாழ்கின்றனர். உருளைக்கிழங்கு, காரட் பயிரிடுகின்றனர். படித்து அரசுப் பணியிலும் உள்ளனர். கிறித்தவத்தைத் தழுவிய குடும்பங்கள் பால்மனைச் சடங்குகளிலிருந்து விலகின. எருமைகள் இல்லாத மந்துகளும் உள்ளன. மனைவி மக்களை விட்டுப் பால்மனையில் தங்கிப் பணியாற்ற இளைஞர்கள் முன்வருவது கடினமாகிவிட்டதால், சில பால்மனைகள் ஆண்டின் சில காலம் மட்டுமே திறந்திருக்கின்றன.

ஆயினும் எஞ்சியுள்ள பால்மனைகளில் விதிகள் தளர்த்தப்படவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர், சனவரி மாதங்களை ஒட்டி முத்தநாடு மந்தில் நடைபெறும் விழாவில் பல மந்துகளிலிருந்தும் ஆண்கள் கூடிக் காணிக்கை செலுத்தி, ஆடிப் பாடி, இளைஞர்கள் வட்டக்கல்லைத் தூக்குகின்றனர். பெண்கள் கோயிலுக்குச் செல்வதில்லை. உதகமண்டலம் தாவரவியல் பூங்காவை ஒட்டியுள்ள மந்துக்கு நாள்தோறும் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அவர்கள் கல்மதிலுக்கு வெளியே நின்றே பால்மனையைப் பார்க்கலாம்.